மிதவாத வேட்பாளர் 'போதுமான' பழமைவாதியா என்று எப்படி முடிவு செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் ஒரு பழமைவாதி, செனட் தேர்தலில் நிற்கும் மிதவாதியை ஆதரிக்கலாமா? அவர் போதுமான பழமைவாதிதான் என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் மாநிலத்தைப் பாருங்கள், அப்புறம் ஆளைப் பாருங்கள். நானும் பழமைவாதப் பக்கம் சாய்ந்தவன்தான். ஆனால் வயோமிங்கில் ஒரு மிதவாதி வந்து நின்றால் எந்தச் சலுகையும் தரமாட்டேன். அங்கே குடியரசுக் கட்சி சார்பில் யார் நின்றாலும் ஜெயித்துவிடுவார், பிறகு எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

மெய்ன் மாநிலத்துக் கதை வேறு. 2020-ல் அங்கே ஜோ பைடன் சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில், அதே வாக்காளர்களிடம், குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ் 8 புள்ளிக்கு மேல் முன்னிலை பெற்று தன் செனட் இடத்தைத் தக்கவைத்தார். 2017-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்க வந்த மசோதாவுக்கு எதிராக வாக்களித்து எங்கள் ஆட்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் அவர். அடுத்த ஆண்டே பிரெட் கவனாவை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்க ஆதரவு தந்தார். 50-48 என்ற கணக்கில் நியமனம் நிறைவேறியது. 2022-ல், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய ரோ வழக்கின் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதிகளின் பெரும்பான்மையில் கவனாவும் இருந்தார். காலின்ஸுக்கே அந்த முடிவில் உடன்பாடில்லை என்பது தனிக்கதை. பழமைவாதிகள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு மிதவாதியின் கையும் சேர்ந்துதான் கிடைத்தது.

அதனால்தான் செனட்டர்களின் வாக்குகளை வைத்துப் பழமைவாத அமைப்புகள் போடும் மதிப்பெண் பட்டியலை மட்டும் நான் நம்புவதில்லை. அதில் யாரும் கண்டுகொள்ளாத வாக்கெடுப்புக்கும், ஒரே ஓட்டில் முடிவாகும் வாக்கெடுப்புக்கும் பல நேரம் ஒரே எடைதான். இழுபறியில் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜெயிக்கக்கூடியவர்களில் மிகவும் வலதுசாரியாக இருப்பவரை ஆதரி என்று பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லி சொன்னதை இங்கே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2010-ல் டெலவேரில் அதைக் காற்றில் விட்டார்கள். மிதவாதியான முன்னாள் ஆளுநர் மைக் காசில், கட்சியின் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் நின்றார். மாநிலம் முழுக்கத் தெரிந்த முகம், பொதுத் தேர்தலில் ஜெயிக்க நல்ல வாய்ப்பு. அவரை விட்டுவிட்டு, அவரைவிட வலதுசாரியான கிறிஸ்டின் ஓடானலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸிடம் 16 புள்ளிக்கு மேல் பின்தங்கித் தோற்றார்.

சரி, அப்படியென்றால் மிதவாதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாமா? பென்சில்வேனியாவைப் பாருங்கள். 2004 உட்கட்சித் தேர்தலில் பழமைவாதியான பேட் டூமி, கட்சியின் மிதவாத செனட்டரான ஆர்லன் ஸ்பெக்டரைத் தோற்கடிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார். அதிபர் புஷ்ஷே ஸ்பெக்டருக்காகக் களமிறங்கி, ஏறக்குறைய 51-49 என்று காப்பாற்றினார். 2009 ஏப்ரலில் ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். அந்த டிசம்பரில் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் செனட்டில் எதிர்க்கட்சியின் தடையைத் தாண்டத் தேவையான சரியாக 60 வாக்குகளோடு நிறைவேறியது. அறுபதில் ஒன்று அவருடையது.

காலின்ஸுக்கும் ஸ்பெக்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் தேடுவேன். காலின்ஸ் எங்கே விலகுவார் என்பது முன்கூட்டியே ஓரளவு தெரியும், ஆனால் செனட்டில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்ற கேள்வி வந்தால் எங்கள் பக்கம்தான் நிற்பார். ஸ்பெக்டர் தாவியது கொள்கைக்காக மட்டுமல்ல. மறுபடி டூமியை எதிர்த்து உட்கட்சியில் ஜெயிக்க முடியாது என்பதை அவரே மறைக்கவில்லை. நாற்காலிக்காக வளைபவரை, எத்தனை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாலும், நான் தொடமாட்டேன்.

ஆளுநர் பதவிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. செனட் தலைமையை முடிவு செய்வதும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை உறுதி செய்வதும் ஆளுநரின் வேலை இல்லை. மேரிலாந்து ஆளுநராக லாரி ஹோகன் இரண்டு முறை இருந்தபோது பழமைவாதிகள் பலர் பெரிதாக முணுமுணுக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2024-ல் அவர் செனட்டுக்கு நின்று, கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்க ஆதரவு தருவேன் என்று சொன்னபோதுதான் பலருக்குக் கசந்தது. எனக்கும் கசந்தது. ஆனாலும் அங்கே எனக்கு ஓட்டு இருந்திருந்தால் அவருக்கே போட்டிருப்பேன். மேரிலாந்தில் அவரைவிட வலது பக்கம் நிற்கும் எவருக்கும் வாய்ப்பே இல்லை, அந்த இடம் போனால் செனட் பெரும்பான்மைக் கணக்கில் ஒன்று குறையும். கடைசியில் ஹோகனே ஜெயிக்கவில்லை.