கோச்சுக்கு முதலில் கொடுக்க வேண்டியது ஒரு நோட்டு

கேள்வி: "சென்னையில் எங்கள் தெரு கிளப் சார்பில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறோம். கோச்சாக வரும் இளைஞர்கள் நன்றாக ஆடுவார்கள், ஆனால் பிள்ளைகளை ஓயாமல் திட்டுகிறார்கள். மரியாதையோடு, உற்சாகப்படுத்திச் சொல்லித்தர அவர்களை எப்படிப் பழக்குவது?"

பெரம்பூர் பக்கம் ஒரு கார்ப்பரேஷன் கிரவுண்டில் 14 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித்தருகிறேன். கடைசி ஆறு வருடமாக, ஏப்ரல் முகாமுக்கு முன்னால் புதுக் கோச்சுகளை உட்கார வைத்துப் பேசுவதும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், திட்டுகிற பையன்கள் கெட்டவர்கள் இல்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920லிருந்து இருக்கிறது. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961லிருந்து கோச்சுகளைத் தயார் செய்கிறது. ஆனால் நம் சந்து கிரவுண்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வாசலையும் மிதித்தவர்கள் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே, காலையில் இரண்டு மணி நேரம் வருகிறவர்கள். அவர்களுடைய கோச் எப்படி நடத்தினாரோ அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த பாடம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கிரவுண்டு வாசலில் சுண்டல் விற்கிற ஒரு பாட்டியின் பேரன் என்னிடம் ஆடினான். ஒரு நாள் சாயங்காலம் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே பாட்டி கேட்டார்: "ஏன் தம்பி, எம் பேரன் பேரு உனக்குத் தெரியுமா? நீ அவனைப் பேரு சொல்லிக் கூப்ட்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லையேப்பா." எட்டு மாதமாக அவனை நான் "டேய் குள்ளா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு அது எப்படிக் கேட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பாட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கோச்சுக்கே தெரிவதில்லை. அதனால் முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுங்கள். ஒருவர் சொல்லித்தரும்போது இன்னொருவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து 20 நிமிடம் கேட்க வேண்டும். பாராட்டினால் ஒரு கோடு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒரு கோடு, திட்டினால், கிண்டல் செய்தால் ஒரு கோடு. பிள்ளையின் பேரைச் சொன்னாரா என்பதற்குத் தனிக் கட்டம். முடிந்ததும் எந்த வியாக்கியானமும் வேண்டாம், நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். "நான் நல்லா என்கரேஜ் பண்றவன்ணா" என்று சொன்ன ஒரு பையன், தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டுக்கான கட்டத்தில் இடம் போதாமல் கோடுகள் ஓரத்துக்குப் போயிருந்தன.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களில் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை இப்படித்தான் உட்கார்ந்து கவனித்துக் குறித்தார்கள். கோச்சுகள் தங்களைப் பற்றிச் சொன்னது குறிப்போடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் சொன்னதுதான் அதை விட ஒத்துப்போனது. பிறகு கோச்சுகளுக்குச் சில மணி நேரப் பயிற்சி ஒன்றை அமைத்தார்கள். 1992ல் வந்த அவர்கள் குழுவின் ஆய்வில், பயிற்சி பெறாத கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த சீசனில் விட்டுவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் விட்டது 5 சதவீதம். ஜெயித்த கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்குத்தான் இதில் அதிகப் பலன் என்று அவர்களுடைய முந்தைய ஆய்விலேயே தெரிந்திருந்தது. எனக்கு மனதில் நின்றது இதுதான். நம் முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட பிள்ளைகள்தானே?

"அடியாத மாடு படியாது", "எங்க மாஸ்டர் அடிச்சதாலதான் நான் டிஸ்ட்ரிக்ட் ஆடினேன்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள், கேளுங்கள். ஒரு பையனிடம் நான் கேட்டேன்.

"உன் கூடச் சேர்ந்தவங்க எத்தனை பேருப்பா?"

"இருபத்தஞ்சு பேர் இருப்போம்ணா."

"இப்ப எத்தனை பேர் ஆடுறாங்க?"

விரல் விட்டு எண்ணினான். "நாலு பேர்ணா." அப்புறம் அவனே, "சூப்பரா ஆடுற ஒருத்தன் இருந்தான்ணா, மாஸ்டர் எல்லார் முன்னாடியும் அறைஞ்சதுல நின்னுட்டான்" என்றான்.

அடுத்து கேரம் போர்டு. எங்கள் கிளப் ரூமில் ஒன்று இருக்கிறது. கோச்சுகளை ஒவ்வொருவராக இடது கையால் ஸ்ட்ரைக்கர் அடிக்கச் சொல்வேன். சுற்றி நிற்பவர்கள் அவர்கள் வழக்கமாகப் பிள்ளைகளிடம் கத்துவதையே கத்த வேண்டும்: "கண்ணு எங்க இருக்கு?", "இதுகூட வராதா?" மூன்றாவது அடியிலேயே தோள் இறுகிவிடும், விரல் நடுங்கும், ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டிப் பறக்கும். பிறகு இன்னொரு சுற்று. இந்த முறை ஒருவர் மட்டும் பேசுவார்: "நடு விரலை இன்னும் கொஞ்சம் கிட்ட வை, மெதுவாத் தள்ளு." எட்டு வயதுப் பிள்ளைக்கு ஃபுட்பால் முழுக்க இடது கை கேரம்தான் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்காது.

உற்சாகப்படுத்துவது என்றால் எதற்கெடுத்தாலும் "சூப்பர்டா" என்பது இல்லை. பத்துத் தடவை கேட்டதும் பிள்ளைக்கே அது வெறும் சத்தம் என்று தெரிந்துவிடும். "பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் பார்த்தே பாரு, அதான் நல்லா இருந்தது" என்றால் அடுத்த முறையும் திரும்பிப் பார்ப்பான். பெனால்டி வெளியே போனால், கோச் மனதுக்குள் மூன்று எண்ணட்டும். தப்பு நடந்தது பிள்ளைக்குத் தெரியும். அப்புறம் ஒரே ஒரு விஷயம்: "ஊன்றுற கால் பந்துக்குப் பின்னாடி நின்னுடுச்சு. பக்கத்துல வை, உள்பாதத்தால தள்ளு." சரி, அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரே மூச்சில் நான்கு திருத்தம் சொன்னால் ஒன்றும் ஏறாது.

தண்டனையாக ரவுண்டு ஓடச் சொல்வதை முதல் நாளே நிறுத்துங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, மேட்ச்சில் கடைசிப் பத்து நிமிடம் ஓடவில்லையே என்று கோபப்படுவது என்ன நியாயம்? அதுவும் மே மாத வெயிலில்! தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டிய நிலைமையும் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

மரியாதை பற்றிச் சிலவற்றைக் கறாராகவே சொல்லிவிடுவேன். உடம்பு, நிறம், ஏரியா, சாதி வைத்துப் பட்டப்பெயர் கூடாது. கையைக் காலைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்க வேண்டும், ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும். ஒரு பெண் பிள்ளை "இன்னைக்கு முடியாதுண்ணா" என்றால் காரணம் கேட்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பள்ளி கேட்டைத் தாண்டி நம் கிரவுண்டுக்கு வந்துவிட்டால் அது வேறு பிள்ளையா? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தைப் பற்றியும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, முகாமின் முதல் நாள் வருகைப் பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜூலை முதல் வாரம் அதை எடுத்து, வராமல் நின்ற பிள்ளைகளின் வீட்டுக்குக் கோச்சையே கூட்டிக்கொண்டு போங்கள். போன வருடம் நாங்கள் போனோம். ட்யூஷன், ஊருக்குப் போயிட்டோம் என்று பல காரணம் சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும் பத்து வயதுப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் கோச்சையே பார்த்தாள். அந்தப் பையன் வாசற்படியில் உட்கார்ந்து, "நான் கத்துனதாலயா பாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "தப்பு என் மேலதான்மா" என்றான்.

அவள் திரும்ப வரவில்லை. இந்த வருட முகாமுக்கு முந்தின நாள் அவன் என் வீட்டுக்கு வந்து, "அந்த நோட்டைக் குடுங்கண்ணா, முதல்ல எனக்குக் குறிக்கச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.