வெண்கலச் சிலையில் வெளிர் பச்சைத் தூள்: தேய்க்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: தாத்தாவின் சேகரிப்பிலிருந்து மூன்று பழம்பொருட்கள் என்னிடம் வந்திருக்கின்றன. உள்ளங்கையளவு வெண்கலச் சிலை ஒன்று, ஆப்பு வடிவ எழுத்துகள் பதிந்த களிமண் பலகை ஒன்று, உட்புறம் கறை படிந்த மண்குடுவை ஒன்று. சில வாரங்களாகச் சிலையின் மேல் வெளிர் பச்சைத் தூள் பூக்கிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துத் தேய்க்கலாமா? பலகையையும் குடுவையையும் தண்ணீரில் கழுவி, குடுவையின் உடைந்த கைப்பிடியைப் பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: எலுமிச்சை வேண்டாம். உப்பு வேண்டவே வேண்டாம், ஏனென்றால் உங்கள் சிலையைத் தின்றுகொண்டிருப்பதே உப்புதான். தண்ணீரும் பசையும் இப்போதைக்கு அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது.

மூன்றில் அவசரம் சிலைக்குத்தான். அதில் இரண்டு வகைப் பச்சை இருக்கக்கூடும். கரும்பச்சையாக, கெட்டியாக, நகத்தால் லேசாகத் தொட்டால் உதிராமல் இருப்பது பழைய களிம்பு. செம்பு மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்து கார்பனேட்டாக மாறிய படலம் அது. அதனடியில் பெரும்பாலும் செந்நிறமான செம்பு ஆக்சைடு இருக்கும். அது சிலைக்குத் தீங்கு செய்வதில்லை. பல நேரங்களில் சிலையின் அசல் மேற்பரப்பே, அதாவது சிற்பி கடைசியாகத் தொட்ட அந்த முகம், இந்தப் படலத்துக்குள்தான் தங்கியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால் உள்ளே பளபளக்கும் உலோகம் கிடைக்கும். கண்ணிமையும் ஆடை மடிப்பும் போய்விடும்.

நீங்கள் சொல்லும் வெளிர் பச்சைத் தூள் வேறு. இதை வல்லுநர்கள் வெண்கல நோய் என்கிறார்கள். கிருமி ஏதும் இதில் இல்லை. மண்ணிலோ கடல்நீரிலோ இருந்த குளோரைடு செம்போடு சேர்ந்து, களிம்புக்கு அடியில் செம்புக் குளோரைடாக ஒளிந்திருக்கும். காற்றின் ஈரம் எட்டியதும் அது வெளிர் பச்சைத் தூளாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் நல்ல செம்பை அரித்து மறுபடி குளோரைடை உண்டாக்க, சுழற்சி தொடர்கிறது. தூளைத் துடைத்துவிட்டாலும் சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் பூத்தால் சந்தேகமே இல்லை, நோய் உயிரோடு இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் காக்கும் களிம்பைக் கரைத்து, குழிகளுக்குள் ஈரத்தை விட்டுச் செல்லும். கடையில் விற்கும் உலோக மெருகுப் பசைகளில் பலவும் தேய்க்கும் துகள்கள் கொண்டவை, அவையும் ஆகாது.

இன்றே செய்யக்கூடியது இதுதான். நைட்ரைல் கையுறை அணிந்துகொள்ளுங்கள், வியர்வையிலும் குளோரைடு உண்டு. சிலையை நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு காற்றுப் புகாத பாலித்தீன் பெட்டியில், நிறைய சிலிக்கா ஜெல்லோடும் ஈரப்பதம் காட்டும் சிறு அட்டையோடும் வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 35க்கு அருகில் நின்றால் சுழற்சி ஏறக்குறைய உறங்கிவிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், அது குளோரின் சேர்மங்களைக் கக்கும். மரப்பெட்டியும் வேண்டாம், ஓக் போன்ற மரங்களிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். நாளிதழில் சுற்றுவதை விட்டு, அமிலமற்ற தாளைப் பயன்படுத்துங்கள்.

நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு அன்டிகிதெரா கருவி ஒரு காரணம். கிரேக்கத்தின் அன்டிகிதெரா தீவருகே மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து 1901இல் எடுக்கப்பட்ட பொருட்களில், களிம்பேறிய சில வெண்கலக் கட்டிகள் இருந்தன. பளபளவென்று தேய்த்துத் துலக்க வேண்டும் என்று யாராவது முனைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 2005இல் எக்ஸ்ரே அடுக்குப் படமெடுத்தபோது அந்தக் கட்டிகளுக்குள் 30 பற்சக்கரங்களும், களிம்புக்குள் புதைந்திருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளும் தெரிந்தன. சூரியன், சந்திரன், கிரகணங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்ட கருவி அது. அந்த எழுத்துகளை ஈராயிரம் ஆண்டு காத்து வைத்தது, நாம் அழுக்கு என்று நினைக்கும் அந்தப் படலம்தான்.

இனி களிமண் பலகை. ஆப்பு எழுத்துப் பலகைகள் பல கிடைக்கும் மெசொப்பொத்தேமியாவில், அதாவது பெரும்பாலும் இன்றைய ஈராக் பகுதியில், பலகைகளில் பெரும்பாலானவை சுடப்படாதவை. ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் எழுதி, உலர வைத்தவை. அங்கே நினிவே நகரம் கி.மு. 612இல் எரிந்தபோது அங்கிருந்த பலகைகள் பலவும் நெருப்பில் சுடப்பட்டு உறுதியாயின. உங்கள் பலகைக்கு அந்த நல்லூழ் வாய்த்ததா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சுடாததாக இருந்தால் மறுபடி சேறாகிவிடும். வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால் அது மண்ணின் உப்பு. அது மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது, எழுத்தும் சேர்ந்து உதிர்கிறது. ஈரம் ஏறி இறங்கினால்தான் இந்தத் தள்ளல் மோசமாகும். ஆகவே சிலையோடு சேர்த்துப் பலகையை வறண்ட பெட்டியில் அடைக்காதீர்கள். அதற்கு வேண்டியது மாறாத, நடுத்தரமான ஈரப்பதம்.

படிக்க ஆசையாக இருந்தால் வழி ஒன்று உண்டு. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கை இடது மேல்பக்கத்திலிருந்து தாழ்வாகச் சாய்த்து அடியுங்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். முன், பின் மட்டும் போதாது. விளிம்புகளையும் படமெடுங்கள், எழுத்தர்கள் இடம் போதாமல் வரியை அங்கேயும் நீட்டியிருப்பார்கள். பலகை தடித்து, மேலோடு தனியாகத் தெரிந்தால் அது உள்ளிருக்கும் பலகையை மூடிய மண் உறையாக இருக்கலாம். துருக்கியின் குல்தெபேயில், ஏறத்தாழ கி.மு. 1900ஐச் சேர்ந்த வணிகர்களின் கடிதங்களும் ஒப்பந்தங்களும் இப்படி உறையோடு கிடைத்திருக்கின்றன. உறையின் மேலேயே உருளை வடிவ முத்திரைகள் உருட்டப்பட்டிருக்கும். அதை உடைத்துப் பார்க்கும் காலம் போய்விட்டது. இன்று அடுக்குப் படமெடுத்து உள்ளே உள்ளதைப் படிக்கிறார்கள்.

குடுவையின் உட்கறைதான் அந்தக் குடுவையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெருகில்லாத மண்பாண்டம் தன்னுள் ஊற்றியதை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தெபேயில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 5400 முதல் 5000 வரையிலான ஜாடியின் அடியில் மஞ்சள் நிறக் கறை இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது அதில் திராட்சையில் மிகுதியாக உள்ள டார்டாரிக் அமிலம் தெரியவந்தது. திராட்சை மதுவின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. குவாத்தமாலாவின் ரியோ அசுல் கல்லறையில் கிடைத்த மாயர் குடுவையின் எச்சமோ, அதில் கொக்கோ பானம் இருந்ததைச் சொன்னது. சோப்பு நீர் ஒரு முறை பட்டால் இத்தகைய சாட்சியம் திரும்பாது. உட்புறத்தை விரலாலும் தொடாதீர்கள். வெளியே தளர்ந்த தூசி மட்டும் இருந்தால், மிக மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டலாம். வண்ணம் அசைவதாகத் தோன்றினால் அதையும் நிறுத்துங்கள்.

கைப்பிடியை ஒட்டாமல் தனித் தாளில் சுற்றி வையுங்கள். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. வல்லுநர்கள் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 போன்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பின்னொரு நாள் பிரித்துவிடலாம், கடைப் பசை அப்படி எளிதில் விடாது. கெய்ரோவில் பழங்கால எகிப்திய மன்னர் துட்டன்காமனின் முகமூடித் தாடி 2014இல் கழன்றபோது அவசரமாக எபாக்சி என்ற வலுவான பசையால் ஒட்டிவிட்டார்கள். மறு ஆண்டு அந்தப் பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, பழங்கால எகிப்தியர் கையாண்ட தேன்மெழுகால் மறுபடி பொருத்த வேண்டியிருந்தது.

பெரிய அருங்காட்சியகங்களும் தேய்த்துத் துலக்கும் ஆசைக்கு ஆளாகியிருக்கின்றன. 1937, 1938ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலைச் சேர்ந்த சிற்பங்களை வெண்மையாக்குவதற்காகச் செப்புக் கருவிகளால் சுரண்டினார்கள். போன மேற்பரப்பு போனதுதான்.

இவற்றை ஒரு தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுவதற்கு முன், தாத்தாவின் பழைய ரசீது, கடிதம், பெட்டி மேல் ஒட்டிய சீட்டு என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். சட்டவிரோதமாகக் கடத்தப்படும் பண்பாட்டுப் பொருட்கள் குறித்த யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் ஏற்கப்பட்டது. பொருள் அதற்கு முன்பே சேகரிப்பில் இருந்ததா என்பதை நிறுவனங்கள் கேட்கும். ஈராக்கிலிருந்து 1990 ஆகஸ்டுக்குப் பிறகு சட்டவிரோதமாக வெளியேறிய பொருட்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2003ஆம் ஆண்டுத் தீர்மானம் தடுக்கச் சொல்கிறது. பலகைக்கு இது மிக முக்கியம். ஆவணம் எதுவும் இல்லையென்றால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உங்கள் நாட்டுப் பதிவு விதிகளையும் விசாரியுங்கள்.

வல்லுநரிடம் கேட்க வேண்டியவை: என்ன செய்யப் போகிறார் என்பதை எழுத்தில் தருவாரா, பின்னாளில் மாற்ற முடியாதது எது, முன்னும் பின்னும் படமெடுப்பாரா. சிலைக்குப் பெரும்பாலும், செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளைப் பரிந்துரைப்பார். அது நச்சுத்தன்மை உடையது, வீட்டில் முயலக் கூடாது. சிகிச்சை முடிந்த பிறகும் சிலை வறண்ட பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் அட்டையின் நிறத்தை மாதம் ஒருமுறை பார்த்து, ஜெல்லை மாற்றுங்கள்.