பண்டைய கிரேக்க, ரோமானியக் காசுகளில் உங்களுக்குப் பிடித்த வடிவம் எது? புதிதாகச் சேகரிக்க நினைப்பவர் எங்கே தொடங்கலாம்?

வடிவத்தைப் பற்றி முதலில் கேட்டிருப்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். எதை வாங்குவது, போலியை எப்படித் தவிர்ப்பது என்பதெல்லாம் அப்புறம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு செம்புக் காசு. ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் கி.பி. 154-155 வாக்கில் வெளியிட்டது. ‘ஆஸ்’ என்று பெயர், அந்தக் காலத்துச் சில்லறை. தலைப்பக்கத்தில் தாடி வைத்த பேரரசர். மறுபக்கத்தில் பாறைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை கவிழ்ந்திருக்கிறது, கை முகத்தைத் தாங்கியிருக்கிறது, அருகில் கேடயமும் படைக்கொடியும். அவள் பிரிட்டானியா. பிரிட்டன் என்ற மாகாணத்தை ரோமானியர்கள் பெண்ணுருவில் காட்டியது அது. அங்கே ஏதோ கலகம் அடக்கப்பட்டதை இந்தக் காசு குறிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். இவை அதிகம் கிடைப்பதும் பிரிட்டனில்தான். அடங்கிப்போன மக்கள் தங்கள் தோல்வியின் படத்தையே கொடுத்து ரொட்டி வாங்க வேண்டியிருந்தது!

கதை அதோடு முடியவில்லை. 1672இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் செம்புக் காசு அடித்தபோது இந்த ரோமானிய உருவத்தைத்தான் முன்மாதிரியாக எடுத்தார்கள். ஆனால் இம்முறை அவள் தலை நிமிர்ந்திருந்தது, கையில் ஒலிவக் கிளையும் ஈட்டியும் இருந்தன. பிற்பாடு ஈட்டி திரிசூலமானது. 1969 முதல் 2008 வரை 50 பென்ஸ் காசில் இருந்தவளும் இவள்தான். நான் லண்டனுக்கு வந்த காலத்தில் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதெல்லாம் அவள் முகம் கைக்கு வரும். வென்றவன் அடிமையாகக் காட்டிய உருவத்தை, பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து அதே மண்ணின் மக்கள் தங்கள் பெருமையின் சின்னமாக்கிக்கொண்டார்கள்.

பழங்காசில் இருக்கும் படத்துக்கு ஒரு வேலை இருந்தது. செய்தித்தாளோ சுவரொட்டியோ இல்லாத காலத்தில் அரசு சொல்ல நினைத்ததை எல்லோர் கைக்கும் கொண்டுபோன பொருள் காசு. ஒரு காசை எடுத்ததும் ‘இந்தப் படம் யாரிடம் என்ன சொல்ல வந்தது’ என்று கேட்கிறவருக்குத்தான் இந்தச் சேகரிப்பில் முழுச் சுவையும் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. விலையும் வயதும் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

கிரேக்கர்களிடம் இந்த வேலை வேறு மாதிரி. அங்கே பேசியது மன்னர் அல்ல, நகரம். எஃபெசஸ் என்றால் தேனீ, கொரிந்து என்றால் இறக்கை முளைத்த பெகாசஸ் குதிரை, மெட்டபொன்டம் என்றால் வாற்கோதுமைக் கதிர். ஏஜினா தீவின் காசில் முதலில் கடலாமை இருந்தது. ஏதென்ஸிடம் அந்தத் தீவு பணிந்த பிறகு, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில், அது நிலத்து ஆமையாக மாறியது. கடலாதிக்கம் போனதால் ஆமையும் கரையேறிவிட்டது என்று சிலர் விளக்குவார்கள். நிரூபிக்க முடியாது என்றாலும் எனக்குப் பிடித்த விளக்கம்.

ஏதென்ஸின் ஆந்தைக் காசைத் தெரியாதவர் குறைவு. கிரேக்க நாட்டின் இன்றைய 1 யூரோ காசில்கூட அதே ஆந்தைதான். சுமார் 17.2 கிராம் வெள்ளி, ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை, மறுபக்கம் ஆந்தை, ஒலிவக் கிளை, சின்னதாக ஒரு பிறை, நகரத்தின் பெயரைச் சொல்லும் மூன்று எழுத்துகள். வெள்ளி ஏதென்ஸ் அருகிலிருந்த லௌரியோன் சுரங்கத்திலிருந்து வந்தது. கி.மு. 483இல் அங்கே பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தபோது, பணத்தை மக்களுக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டலாம் என்று ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் வாதிட்டு வென்றார். மூன்று ஆண்டு கழித்து சலாமிஸ் கடற்போரில் பாரசீகரைத் தோற்கடித்தவை அந்தக் கப்பல்கள்.

அந்தக் காசில் அதீனாவின் கண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண் மட்டும் நேராகப் பார்ப்பதுபோல் பாதாம் வடிவில் முழுதாக இருக்கிறது. இது மிகப் பழைய பாணி. பார்த்தினான் கோயிலின் சிற்பங்களைச் செதுக்கிய நகரத்துக்கு ஒரு கண்ணைச் சரியாகச் செதுக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருந்தார்கள். எகிப்திலும் லெவன்ட் கரையிலும் (இன்றைய சிரியா, லெபனான் பக்கம்) இருந்த வணிகர்கள் அந்தப் பழைய முகத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள். முகம் மாறினால் சந்தேகம் வரும். எகிப்தில் இந்த ஆந்தையை அப்படியே நகலெடுத்து அடித்துப் புழங்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு. பல ஆந்தைக் காசுகளில் உளியால் ஆழமாக வெட்டிய தழும்பு இருக்கும். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி போர்த்தியிருக்கிறதா என்று அக்காலத்தவர் சோதித்த வெட்டு அது. வெட்டுள்ள காசு விலை குறைவு என்பதால் பலர் ஒதுக்குவார்கள். நான் வெட்டுள்ளதைத்தான் தேடிப் பிடித்து வாங்கினேன், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன காசு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இதற்கு நேரெதிர் சிசிலித் தீவின் சைரக்யூஸ். அங்கே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சு வெட்டிய கலைஞர்கள் கிமோன், யூஐனெட்டோஸ் இருவரும் காசிலேயே தங்கள் பெயரைப் பொறித்தார்கள். நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் தலை, அதைச் சுற்றி நீந்தும் டால்பின்கள், மறுபக்கம் பாய்ந்து வரும் நான்கு குதிரைத் தேர். பத்து ட்ராக்மா (கிரேக்கப் பண அலகு) காசு சுமார் 43 கிராம். என்னைப் போன்றவர்களுக்கு அது அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும்தான். அழகில் அதற்கு நிகராக வேறு காசை நான் பார்த்ததில்லை.

ரோமுக்கு வந்தால் காசு செய்தி சொல்லத் தொடங்கிவிடுகிறது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் முகம் காசில் வந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தை ரோம் நகரத்து நாணயச்சாலை அடித்தது அதுவே முதல் முறை. சில வாரங்களில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த மார்ச் 15ஆம் தேதி. இவ்வளவு வெளிப்படையாக ஒரு கொலையைக் கொண்டாடிய காசு வேறு எனக்குத் தெரியாது. ஆனால் தலைப்பக்கத்தைத் திருப்பினால் அங்கே புரூட்டஸின் முகம்! சீசர் செய்தது தவறென்று வாளெடுத்தவரும் தன் முகத்தையே அடித்துக்கொண்டார். குடியரசு அதற்குள் செத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதே வடிவத்தில் அக்காலத்திலேயே தங்கத்தில் அடித்த காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது. அது யாரிடமிருந்து வந்தது என்று காட்டிய ஆவணங்கள் பொய் என்று தெரியவந்து, 2023இல் கிரேக்க நாட்டிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. வாங்குவதைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் இதற்கு வருகிறேன்.

தமிழ்நாட்டோடு இந்தக் காசுகளுக்கு உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. கோவை வட்டாரத்தில் வெள்ளலூர், கத்தாங்கண்ணி போன்ற இடங்களில் டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு குவியல் குவியலாகக் கிடைத்தது. அவற்றில் மிகுதியாக இருப்பவை இரண்டே வகை. ஒன்றில் முதல் பேரரசர் அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கிறார்கள். இன்னொன்றில் அவருக்கு அடுத்த பேரரசர் திபேரியஸின் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். கி.பி. 64 வாக்கில் நீரோ டெனாரியஸின் எடையைச் சுமார் 3.9 கிராமிலிருந்து 3.4 ஆகக் குறைத்தார், வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளி அங்கே மிகக் குறைவாகவே கிடைக்கிறது. நம்மூர் வணிகர்கள் பழகிய பழைய படத்தைப் பார்த்து வாங்கினார்கள் என்றே நான் நினைக்கிறேன். எகிப்தில் ஆந்தை செய்த வேலையைக் கொங்கு நாட்டில் இந்த இரண்டு படங்கள் செய்திருக்கின்றன.

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ‘இனி இது நாணயம் இல்லை, வெறும் தங்கம்’ என்று அறிவிக்கும் வெட்டு என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, வாங்குவது.

பண்டைய காசு என்றாலே லட்சங்கள் வேண்டும் என்பது தவறான எண்ணம். கி.பி. நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தினர் காலத்துச் சிறு வெண்கலக் காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. இங்கே லண்டனில் நல்ல கடைகளில் 20, 30 பவுண்டுக்கே படிக்கக்கூடிய நிலையில் கிடைக்கும். ஆந்தைக் காசு சில நூறு பவுண்டில் தொடங்கும். காசை எடை பார்க்கவும், விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சூடாக்கிய உலோக வட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து சுத்தியலால் அடித்தார்கள். அதனால் படம் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும், விளிம்பில் வெடிப்பு இருக்கும், ஒன்றைப்போல் இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும், பரப்பில் நுண்குமிழிகள் இருக்கும், எழுத்துகள் கரைந்த சோப்புபோல மழுங்கியிருக்கும். ஒரே மாதிரி ஒதுங்கலும் ஒரே மாதிரி வெடிப்பும் கொண்ட இரண்டு காசுகளைப் பார்த்தால் இரண்டையுமே தொடாதீர்கள். அச்சு வெட்டி அடித்த நல்ல போலிகளை என்னாலும் உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் போலி என்று தெரிந்தால் எத்தனை வருடம் கழித்தும் பணத்தைத் திருப்பித் தரும் வியாபாரியிடம் மட்டும் வாங்க வேண்டும்.

அந்தக் காசு இதற்கு முன் யாரிடம், எந்த ஏலத்தில் இருந்தது என்பதையும் கேளுங்கள். மண்ணைத் தோண்டித் திருடப்பட்ட குவியலிலிருந்து வரும் காசு ஒவ்வொன்றும் தான் கிடந்த இடத்தின் வரலாற்றை அழித்துவிட்டுத்தான் சந்தைக்கு வருகிறது. புரூட்டஸ் காசில் நடந்தது விலை உயர்ந்த பொருள் என்பதால் செய்தியானது, இருபது பவுண்டு காசிலும் இதே கேள்வி உண்டு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆற்று மணலில் எடுத்தது என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பார்க்க ஆசை இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது.

வாங்கிய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கெட்டியான களிம்பு அந்தக் காசின் தோல். வெளிர்பச்சையில் மாவுபோல உதிரும் களிம்பு மட்டும் நோய். அதைக் கண்டால் மற்ற காசுகளிலிருந்து பிரித்துவைத்து, ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிவிசி உறைகளும் வேண்டாம், நாளடைவில் உலோகத்தை அரிக்கும்.

முதல் காசாக எதை வாங்கலாம் என்றால், என் பரிந்துரை கி.பி. 330இலிருந்து வந்த ‘ஊர்ப்ஸ் ரோமா’. தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி ஒரு பக்கம், இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய் மறுபக்கம். அந்த ஆண்டு கான்ஸ்டான்டினோப்பிள் புதிய தலைநகராகத் திறக்கப்பட்டது. பழைய ரோமைக் கைவிடவில்லை என்று காட்ட இதை ஒரு ஜோடியாக அடித்தார்கள், புதிய நகரத்துக்கான காசில் கப்பல் முகப்பின் மீது வெற்றித் தேவதை நிற்பாள். இரண்டையும் சேர்த்து வாங்கலாம், கையைக் கடிக்காது. படத்துக்குக் கீழே சில எழுத்துகள் இருக்கும். டி, ஆர் இருந்தால் ட்ரியர், எஸ், ஐ, எஸ் இருந்தால் சிசியா, எஸ், எம், ஏ, எல் இருந்தால் அலெக்ஸாண்ட்ரியா. எந்த நாணயச்சாலையில் எந்தப் பட்டறை அடித்தது என்பதுவரை அதில் இருக்கும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இலவச இணையத் தரவுத்தளத்தில் அந்த எழுத்துகளையும் படத்தையும் வைத்துத் தேடினால் உங்கள் காசின் வகை கிடைத்துவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு, கி.பி. 348இலிருந்து வந்த ‘நல்ல காலம் திரும்பிவிட்டது’ என்று எழுதிய காசுக்குப் போங்கள். அதில் ரோமானிய வீரர் குதிரையிலிருந்து விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறார். அடுத்த சில ஆண்டுகளில் எழுத்து மாறாமல் காசு மட்டும் சிறுத்துக்கொண்டே போனதை மூன்று நான்கு காசுகளை வரிசையாக வைத்தாலே பார்க்கலாம்.