டான்சில் வீக்கத்துக்கு அலர்ஜி மாத்திரை போதுமா?

கேள்வி: என் 9 வயது மகளுக்கு அடிக்கடி டான்சில் வீங்கிக் காய்ச்சல் வருகிறது. டான்சிலில் உள்ள செல்கள் ஹிஸ்டமைன் என்ற அலர்ஜியைத் தூண்டும் பொருளை வெளியிடுவதாகப் படித்தேன். அப்படியானால் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தாலே வீக்கம் வடிந்துவிடாதா, டாக்டர்?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் ஹிஸ்டமைனை மட்டும் அடக்கினால் இந்தக் காய்ச்சலும் வலியும் அடங்காது.

ஹிஸ்டமைனைச் சேர்த்து வைத்திருப்பவை மாஸ்ட் செல்கள் என்ற ஒரு வகைத் தற்காப்புச் செல்கள். ஆபரேஷனில் எடுத்த டான்சில்களிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். இவற்றின் மேற்பரப்பில் ஐஜிஈ என்ற எதிர்ப்புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வாத பொருள் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஈக்களை இணைத்துவிட்டால், செல்லுக்குள் கால்சியம் பாயும். தயாராக இருக்கும் ஹிஸ்டமைனும் டிரிப்டேஸ் என்ற நொதியும் சில நிமிடங்களில் வெளியே கொட்டும். கூடவே, செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து புரோஸ்டாகிளாண்டின், லூகோட்ரையீன் போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்கள் புதிதாகத் தயாராகும். டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள்) வர இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். ஆக, ஒரே செல்லிலிருந்தே வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு பொருள்கள் வருகின்றன. செட்ரிசின் தடுப்பது அவற்றில் ஹிஸ்டமைனின் வேலையை மட்டும்தான், அதுவும் ஹெச்1 என்ற ஒரு ஏற்பியில் (ஹிஸ்டமைன் வந்து ஒட்டும் இடம்).

உங்கள் மகளுக்கு வருவதோ கிருமித் தொற்று போலத் தெரிகிறது. அதில் முன்னால் நிற்பவை மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் என்ற கிருமிகளை விழுங்கும் செல்கள். கிருமியை அடையாளம் கண்டதும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் என்ற சைட்டோகைன்கள் வெளியாகும். ரத்தக்குழாய்கள் விரிந்து கசியும், வெள்ளணுக்கள் திரளும், டான்சில் சிவந்து வீங்கும். இந்தச் செய்தி ரத்தம் வழியாக மூளைக்குப் போனால், அங்கே புரோஸ்டாகிளாண்டின் ஈ2 கூடிக் காய்ச்சல் ஏறும். விழுங்கும்போது வரும் வலியிலும் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் அதன் உற்பத்தியைக் குறைப்பதால்தான் இங்கே கைகொடுக்கின்றன. எடைக்கு ஏற்ற அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். குழந்தைகளுக்கு ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்தான நோய் வரும் அபாயம் இருக்கிறது.

அலர்ஜி மாத்திரைக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அடுக்குத் தும்மல், மூக்கு அரிப்பு, நீராய் ஒழுகுவது இவை இருந்தால் அது மூக்கு அலர்ஜியாக இருக்கலாம்; அதற்குத் தனியாக வைத்தியம் செய்ய வேண்டும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். டான்சில் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்று தெரிந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக் தேவை, தொடங்கினால் டாக்டர் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும்.

அப்புறம், ‘அடிக்கடி’ என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை முறை என்று எழுதவில்லை. ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடங்கள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 வருடங்கள் ஆண்டுக்கு 3 முறை வந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றிக் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் பேசலாம். அதற்குக் குறைவென்றால் பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு முறையும் தேதியையும் காய்ச்சல் அளவையும் குறித்து வையுங்கள்.

வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.