பொய்ப் பெயரும் பொய்ப் பிரமாணமும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: ஐயா, எங்கள் பூர்வீக நிலத்துக்குப் பெரியப்பா மகன் என் மீது வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் என் கைக்கு வரவே இல்லை. யாரோ ஒருவர் என் பெயரில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, சமரசமாகிவிட்டோம் என்று மனுவும் கொடுத்து, தீர்ப்பே ஆகிவிட்டது. பட்டா மாற்ற நோட்டீஸ் வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நேராகப் போலீஸுக்குப் போகலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போகலாம், ஆனால் முதல் வேலை அதுவல்ல. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பட்டாவை மாற்றப் பார்க்கிறார்கள். தாசில்தாரிடம் இன்றே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புதல் வாங்கி வையுங்கள். நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மோசடி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் வழக்குப் போடுவதற்கான காலவரையறை ஓடும் என்பது காலவரையறைச் சட்டத்தின் 17-வது பிரிவு. அந்த நாளைக் காட்ட, கவரில் இருக்கும் தபால் முத்திரை உதவும்.

அடுத்து நகல் மனு போட்டு வக்காலத்து, சமரச மனு, தீர்ப்பாணை, சம்மன் சார்வு அறிக்கை (சம்மன் கொடுக்கப்பட்டதைச் சொல்லும் அறிக்கை) நான்கையும் வாங்குங்கள். சம்மனை யார் வாங்கியதாக அமீனா (சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர்) எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மோசடியின் நுனி அங்கேதான் கிடைக்கும்.

சமரசத் தீர்ப்பு என்பதால் தனி வழக்குப் போட்டு அதை உடைக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 23 விதி 3ஏ அதைத் தடுக்கிறது. தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். இதைத் தெரியாமல் வேறு கோர்ட்டில் வழக்கு நடத்தி வருடங்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நீதிமன்றத்தை ஏமாற்றி வாங்கிய தீர்ப்பு சட்டத்தின் கண்ணில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் செங்கல்வராய நாயுடு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு அது.

கையெழுத்தை நிபுணருக்கு அனுப்பச் சொல்லி மனு கொடுங்கள். ஒப்பிடுவதற்கு இன்று நீங்கள் போடும் கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். தகராறுக்கு முன்பு, அதே காலகட்டத்தில், வங்கியிலோ பத்திரப் பதிவிலோ போட்ட கையெழுத்துகள்தான் எடுபடும்.

இனி தண்டனை. வழக்கில் இன்னொருவர் போல நடித்து வக்காலத்து கொடுப்பதும் சமரசம் பேசுவதும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 242-ன்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 205. இந்தக் குற்றத்துக்கு நீதிமன்றமே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும், நீங்களோ போலீஸோ நேரடியாக வழக்கு நடத்த முடியாது. அதனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 379-ன் கீழ் அந்த நீதிமன்றத்திலேயே மனு போடுங்கள். கோர்ட்டுக்கு வெளியே தயாரித்துக் கொண்டுவந்த போலி ஆவணத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. 2005-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கள்ளக் கையெழுத்துக்குப் போலீஸ் புகார், ஆள்மாறாட்டத்துக்குக் கோர்ட் மனு என்று இரண்டு வழியிலும் போகலாம்.

கேள்வி: பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஊரில் கூப்பிடும் பெயர் வேறு. கூப்பிடும் பெயரிலேயே வழக்குப் போட்டுவிட்டேன். இது குற்றமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: பயப்பட வேண்டாம். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாதபோது இது குற்றமாகாது. இரண்டு பெயரையும் 'என்கிற' போட்டு எழுதத் திருத்த மனு கொடுங்கள், இரண்டும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரமும் இணையுங்கள். பழைய வழக்கையோ கடனையோ மறைக்க வேறு பெயரில் வந்தால்தான் சிக்கல்.

கேள்வி: ஜீவனாம்ச வழக்கில் என் கணவர் தனக்கு வேலையே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். ஆனால் மாதாமாதம் அவர் கணக்கில் சம்பளம் ஏறுகிறது. அவரை உள்ளே தள்ள முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் முதலில் இடைக்கால ஜீவனாம்சத்தை வாங்குங்கள், தண்டனைக்கான மனு அதைத் தாமதப்படுத்திவிடக் கூடாது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியே ஆக வேண்டும். அவர் அதைத் தாக்கல் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிறகு நிறுவனத்திலிருந்து சம்பளச் சான்றையும் வங்கியிலிருந்து கணக்கு விவரத்தையும் வரவழைக்க மனு போடுங்கள். பொய் காகிதத்தில் நிரூபணமான பிறகு 379 மனு போட்டால்தான் அதற்கு வலு. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சியம் சொன்னால் நியாய சன்ஹிதா 229-ன்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் நீதியின் நலனுக்கு அவசியம் என்று கருதினால் மட்டுமே நீதிபதி புகாருக்கு உத்தரவிடுவார். பொய் பிடிபட்டதுமே கைது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மனு தள்ளுபடியானால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 380-ன் கீழ் மேல்முறையீடு இருக்கிறது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த திருட்டுப் புகாரில் எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவர் மீது வழக்குப் போடலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தீர்ப்பைப் பொறுமையாகப் படியுங்கள். 'சந்தேகத்தின் பலன்' என்று மட்டும் இருந்தால், புகார் பொய் என்று நீதிமன்றம் சொன்னதாகாது. தெரிந்தே பொய்யாகக் குற்றம் சாட்டினார் என்று காட்ட முடிந்தால் நியாய சன்ஹிதாவின் 248-வது பிரிவு பொருந்தும். அதற்கும் விசாரித்த நீதிமன்றத்தையே அணுக வேண்டும். மானநஷ்டத்துக்கும் செலவுக்கும் ஈடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம். விடுதலையான நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: போலீஸிடம் சொன்னதை நண்பன் கோர்ட்டில் மாற்றிச் சொல்லப் போகிறான். உள்ளே போவானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் சத்தியத்தின் பேரில் கொடுப்பதல்ல. அதிலிருந்து மாறினால் பிறழ் சாட்சி ஆவார், அதை மட்டும் வைத்துத் தண்டனை கிடைப்பது அரிது. மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து கொடுத்திருந்தால் கதை வேறு. குஜராத் கலவரக் கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கில் மாற்றி மாற்றிப் பேசிய முக்கிய சாட்சிக்கு 2006-ல் உச்ச நீதிமன்றமே ஓராண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. மிரட்டலால்தான் மாறுகிறார் என்றால் அதை அரசு வழக்கறிஞரிடமோ நீதிபதியிடமோ சொல்லச் சொல்லுங்கள். சாட்சிப் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்க வழி இருக்கிறது.