திருநீறும் கைக்கயிறும் எனக்கு ஒன்றல்ல

கேள்வி: இருபதுகளில் இருந்துகொண்டு உங்களைப் பழமைவாதி என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்? சாதி, திருமணம், பெண்ணுரிமை பற்றியெல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?

எனக்கு வயது 24. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம்; திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பிரதோஷம் தவறமாட்டேன். கொரோனாவால் தேர் நின்ற காலத்தைத் தவிர, ஆனித் தேரோட்டத்தில் காந்திமதி அம்மன் தேர் வடத்தைத் தொடாமல் இருந்ததில்லை. பெற்றோர் பார்த்து வைக்கும் திருமணத்தையே விரும்புகிறேன். கல்லூரியில் தோழிகள் என்னைப் பழமைவாதி என்றார்கள். நான் மறுக்கவில்லை.

2019 ஜூலையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. இந்து நம்பிக்கையில் கைவைக்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்த எதிர்ப்பில் நானும் இருந்தேன். கோயில் கயிறு கட்டக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார் என்று விடுதியில் தொண்டை வலிக்க வாதாடினேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் படித்த என் தம்பியின் மணிக்கட்டில் இரண்டு நிறம் முறுக்கிய கயிறு ஒன்று இருந்தது. சாமிக் கயிறு என்றான். அம்மா நம்பிவிட்டார். ஆச்சி நம்பவில்லை. "எந்தச் சாமி? எந்த ஊர்க் கோயில்? கட்டிவிட்டது யார்?" என்று அடுக்கினார். அவன் தலையைத் தொங்கப்போட்டான். பஸ்ஸில் கூட வரும் ஒரு அண்ணன் கொடுத்ததாம். அது கையில் இல்லாவிட்டால் கடைசி இருக்கையில் இடம் கிடையாதாம். ஆச்சி அரிவாள்மனையை இழுத்து, கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டார். "சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லாதே" என்றார். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பொய்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். செய்தியைப் படித்தபோது அடுப்பில் கருகிய அந்தக் கயிறுதான் கண்முன் வந்தது. அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரத்தோடு நெற்றித் திலகத்தையும் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. கயிறும் மோதிரமும் போகட்டும். நெற்றியில் கைவைக்கக் கூடாது என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு வேண்டுமானால், 2019இல் கயிற்றுக்கு வக்காலத்து வாங்கியது தவறு என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆச்சியைப் பற்றிப் பாதி சொல்லி நிறுத்த மனமில்லை. அதே ஆச்சி தொழுவத்துச் சுவரில் ஒரு அலுமினியத் தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் காப்பி அதில்தான். கேட்டால், "அது வழக்கம்" என்பார். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலும் இதுதான் நடந்தது. பெற்றோரின் விருப்பத்துக்காக இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அந்தச் சண்டை மாகாணம் முழுக்கப் பரவியது. 1925இல் பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டுக்காகத் தன் வாழ்வையே கொடுத்தவர் ஐயர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவராலேயே அந்தப் பந்தியை ஒன்றாக்க முடியவில்லை. இதை நான் பள்ளியில் படிக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. ஆச்சி இறந்த பிறகு அந்தத் தம்ளரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அவர் இருந்தபோதே அதைச் செய்யத் துணிவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

கட்சி என்று கேட்டால், எதிலும் உறுப்பினர் இல்லை. எனக்குத் தாமிரபரணி முக்கியம். அந்த ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2010இல் தடை வாங்கியவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு. ஆற்றைத் தாய் என்று கும்பிடும் எங்கள் தரப்பிலிருந்து அந்த வழக்குப் போயிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. மதுக்கடை விஷயமும் அப்படித்தான். 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. என் சித்தப்பாவின் கூலி குடியில் போனது. சித்தி பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். குடும்பம் என்ற அமைப்பை மதிக்கிற எவரும் இதில் வாய்மூடி இருக்க முடியாது.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும். தமிழ்நாட்டில் 1989 முதலே சட்டம் இருக்கிறது. ஆனாலும் என் அத்தை கல்யாணத்துக்கு முன், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறந்த வீட்டு உறவு கடைசிவரை வேண்டும் என்று நினைக்கிறவள் நான். வயலை எடுத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு பொங்கல்படி கொடுத்தால் அந்த உறவு நிலைக்குமா? நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

திருமணம் பற்றித்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த 27 வயது மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் அதை நியாயப்படுத்தி எழுதினார்கள். ஒருவர் என்னைத் தூக்கி வளர்த்த மாமா. "இதற்குப் பெயர் மானம் என்றால் எனக்கு அந்த மானம் வேண்டாம் மாமா" என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். அவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. பெற்றோர் பார்க்கும் மாப்பிள்ளையை நான் விரும்புவது என் சம்மதத்தினால். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு உயிர்ப்பயம் இருக்கும் ஊரில், என் சம்மதத்துக்கும் மதிப்பில்லை.

வருகிற தையில் எனக்கு வரன் பார்க்கத் தொடங்குவார்கள். தரகரிடம் கொடுக்கும் குறிப்பை நானே எழுதினேன்: நட்சத்திரம், படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் இருக்கிறது. சாதி என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். தரகரிடம் இன்னும் கொடுக்கவில்லை.