ஒரே ஸ்விட்ச், மூன்று நெட்வொர்க்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றுதான். கணக்குப் பிரிவு, சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை எல்லாம் அதிலேயே. கேமராக்களுக்கு வேறு ஐ.பி. வரிசை கொடுத்துவிட்டோம். ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வி-லேன் அவசியமா?

பதில்: அவசியம். ஐ.பி. வரிசை மாறினால் பெயர்ப்பலகைதான் மாறும், சுவர் எழும்பாது. அந்த வரிசையில் ஓர் எண்ணைத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்பவர் கேமராவைத் தொட்டுவிடலாம். வி-லேன் பிரித்தால், ஒரு பிரிவின் ஃப்ரேமை (தரவுப் பொட்டலத்தை) இன்னொரு பிரிவின் போர்ட்டுக்கு ஸ்விட்சே அனுப்பாது. ஆனால் அமைப்பை மாற்ற வழியில்லாத அன்மேனேஜ்டு ஸ்விட்சில் இதைச் செய்ய முடியாது. மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் வகை வேண்டும்.

கணக்குக்கு 10, கேமராவுக்கும் அதன் பதிவுப்பெட்டியான என்.வி.ஆருக்கும் 20, விருந்தினருக்கு 30 என எண் கொடுங்கள். கணினி, கேமரா போர்ட்டுகள் ஆக்சஸ், அதாவது ஒரே வி-லேனுக்கு உரியவை. ரூட்டருக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் போகும் போர்ட்டுகள் டிரங்க், அதாவது பல வி-லேன்களைச் சுமப்பவை. அங்கே ஃப்ரேமில் 4 பைட் டேக் (அடையாளச் சீட்டு) ஏறி, எந்த வி-லேன் என்று சொல்லும். ஒவ்வொன்றுக்கும் தனி சப்நெட் (ஐ.பி. வரிசை): 192.168.10.0/24, 20.0, 30.0 என்று.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான ரூட்டர்கள் தம்மிடம் உள்ள எல்லா சப்நெட்டுக்கும் இடையே தாமாகவே வழி விட்டுவிடும், பிரித்தது வீண். அதனால் ரூட்டரில் விதி போடுங்கள்: 30-இலிருந்து இன்டர்நெட் மட்டும்; 20-இலிருந்து எங்குமே கூடாது; 10-இல் கேமரா பார்க்கும் ஒரு கணினிக்கு மட்டும் என்.வி.ஆர். அனுமதி. விதிகள் பொதுவாக மேலிருந்து கீழே பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். 10-இன் அந்த ஒரு கணினிக்கான அனுமதி, தடைக்கு மேலே இருக்கட்டும். விருந்தினருக்கோ தடை விதி, அனுமதி விதிக்கு மேலே இருக்கட்டும்; விருந்தினருக்கான 'எங்கும் போகலாம்' விதி மேலே இருந்தால், உள் சப்நெட்டும் அதில் அடங்கிவிடும்.

கேள்வி: போர்ட்டை 20-இல் சேர்த்தும் கேமராவுக்கு ஐ.பி. வரவில்லையே?

பதில்: ஸ்மார்ட் ஸ்விட்ச் பலவற்றில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். உறுப்பினர் பட்டியல், வெளியே போகும் ஃப்ரேமுக்கு. டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வி-லேனில் சேர்ப்பது என்பதை அந்தப் போர்ட்டின் பி.வி.ஐ.டி. எண் தீர்மானிக்கும். அது ஸ்விட்சில் வழக்கமாக முதலிலேயே இருக்கும் 1-லேயே இருந்தால் கேமராவின் கோரிக்கை 1-க்குப் போய்விடும். பி.வி.ஐ.டி.யை 20 ஆக்கி, போர்ட்டை 1-இலிருந்து நீக்குங்கள். அப்படியும் வராவிட்டால், அதே போர்ட்டில் ஒரு லேப்டாப்பைச் செருகி, கையால் ஐ.பி. கொடுத்து ரூட்டரை பிங் செய்யுங்கள். பதில் வந்தால், ஐ.பி.யைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி.யில் கோளாறு, வராவிட்டால் டிரங்கில் 20 சேர்ந்திருக்கிறதா, பிங்கை விதி தடுக்கிறதா பாருங்கள்.

நீங்கள் ஸ்விட்சுக்குள் நுழைந்திருக்கும் போர்ட்டைக் கடைசியில் மாற்றுங்கள். முதலில் கைவைத்தால் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான்.

கேள்வி: வி-லேன் விட்டு வி-லேன் தாவலாமாமே?

பதில்: தானாக டிரங்க் ஆகும் போர்ட்டை விட்டுவைத்தால் தாவலாம், ஆக்சஸ் என்று நிலையாக வையுங்கள். ஒரே ஃப்ரேமில் இரண்டு டேக் ஒட்டி ஏமாற்றும் இரட்டை டேக் தந்திரத்துக்கு இரண்டு ஸ்விட்சாவது வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. காலி போர்ட்டுகளை அணைத்துவிடுங்கள். வாசல் கேமராவின் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகுபவரைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். ரூட்டர் விதி சரியாக இருந்தால் அவர் 20-ஐத் தாண்ட முடியாது.